சைலன்சருக்குப் பின்னால் ஒரு மனிதர்: யூஜின் ஹூட்ரி



வத்திராயிருப்பு தாண்டி பிளவக்கல் அணைப் பக்கம் போனால் ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் தென்னையும் மாவும். இந்த மாதிரி மலையடிவாரத்துத் தோப்புப் பாதைகளுக்குப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் மாதிரி தோதான வண்டி வேறு இல்லை. முப்பது நாற்பது வருஷம் ஓடிய வண்டியாக இருந்தாலும் இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருக்கும். ஆனா ஒரு பாகம் மட்டும் அடிக்கடி உயிரை விடும். அதுதான் சைலன்சர்.

காரணம் நமக்குப் படித்த பாடம்தான். பெட்ரோலோ டீசலோ எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகிறது. வண்டி குளிர்ந்ததும் அந்த ஆவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தேங்குகிறது. உள்ளே துரு பிடிக்கிறது. வெளியே சேறு, கல், ஓடைத் தண்ணீர். அதனால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தகடு அரிக்கிறது.

மாற்றுகிற வேலையும் பார்க்கத்தான் சுலபம். இன்ஜினிலிருந்து மேனிஃபோல்டு, அதிலிருந்து முன் பைப், அப்புறம் சைலன்சர், கடைசியில் வால் பைப். அவ்வளவுதான் மொத்தமே. ஆனா மேனிஃபோல்டில் இருக்கிற நட்டு ஆயிரம் தடவை சூடாகி ஆறி, துருவோடு ஒட்டிப் போயிருக்கும். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் ஸ்டட் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். ஃபோர் வீல் வண்டியாச்சே, முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் இடிக்காமல் பைப்பை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். எல்லா இடத்திலும் ரப்பர் தொங்கலோடு மாட்டி, முதலில் லூசாக வைத்து, ஒழுங்கு பார்த்து, கடைசியில்தான் இறுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு அந்தக் குழாய் என்ன செய்கிறது? சத்தத்தைக் குறைக்கிறது. புகையை நம் மூக்கைத் தாண்டி வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய் விடுகிறது. அவ்வளவுதான். புகையில் இருக்கிற விஷம் அப்படியே வெளியே போகிறது.

இன்றைய காரின் அடியில் அதே குழாயின் நடுவே இன்னொரு டப்பா இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அந்த டப்பாவை முதலில் கனவு கண்டவர்களில் முக்கியமான ஒருவரின் வாழ்க்கைதான் இந்த இதழில். பெயர் யூஜின் ஹூட்ரி. கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு இந்தப் பெயர் ஓரளவு பழக்கமாக இருக்கும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்.

டாங்கி மெக்கானிக்

1892 ஏப்ரல் 18-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் டோமோன் என்ற ஊரில் பிறந்தார் ஹூட்ரி. அப்பா வசதியானவர். கட்டுமான இரும்பு வேலை செய்யும் கம்பெனி நடத்தினார். பையன் பாரிஸில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தார். ஆமாம், நம்ம ஆளு மெக்கானிக்கல்தான், கெமிக்கல் இல்லை! 1911-ல் வகுப்பில் முதலாவதாகத் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். புத்தகப் புழு என்று நினைத்துவிட வேண்டாம். அதே வருஷம் அவர் தலைமை தாங்கிய கால்பந்து அணி தேசிய சாம்பியன் ஆனது.

அப்பா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். நல்லாப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் 1914-ல் முதல் உலகப்போர் வந்தது. ராணுவத்தில் சேர்ந்து, டாங்கிப் படையில் அதிகாரியானார். டாங்கி என்பதே அப்போது புத்தம் புது கண்டுபிடிப்பு. பிரான்ஸ் முதன்முதலாக டாங்கிகளைக் களத்தில் இறக்கியது 1917 ஏப்ரலில். அந்தச் சண்டையில் டாங்கிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுபோயின. குண்டு மழை பொழிகிற நேரத்தில், நின்றுபோன டாங்கிகளைப் பழுது பார்க்கும் வேலையை முன்னின்று நடத்தினார் ஹூட்ரி. பலத்த காயம் பட்டது. வீரத்துக்கான பதக்கங்களும் கிடைத்தன.

பந்தயக் காரும் பெட்ரோல் பைத்தியமும்

போர் முடிந்தது. ஹூட்ரிக்குக் கார் பந்தயத்தில் பைத்தியம் பிடித்தது. சொந்தமாக புகாட்டி கார் வைத்திருந்தார். 1922-ல் அமெரிக்கா போய் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தைப் பார்த்தார், ஃபோர்டு தொழிற்சாலையையும் சுற்றிப் பார்த்தார். அங்கே அவருக்கு ஒன்று புரிந்தது. இன்ஜின் நாளுக்கு நாள் முன்னேறுகிறது, பெட்ரோல் முன்னேறவில்லை.

இது என்ன பிரச்சினை என்று சுருக்கமாகப் பார்ப்போம். இன்ஜினில் கம்ப்ரஷன் ரேஷியோவை ஏற்றினால் பவர் கூடும். ஆனா மட்டமான பெட்ரோலை அதிகமாக அழுத்தினால், ஸ்பார்க் பிளக்கிலிருந்து சுடர் பரவி வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்துவிடும். டக் டக் என்று சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் வரும். அதுதான் நாக்கிங். பிஸ்டனே பிளந்துபோகலாம். இதைத் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் என்கிறோம். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் கம்ப்ரஷன் ரேஷியோ வெறும் 6.48. கிடைத்த பெட்ரோலை ஊற்றி ஓட்டலாம். பந்தயக் காருக்கும் விமானத்துக்கும் அது நடக்காது.

பிரான்ஸுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அங்கே எண்ணெய்க் கிணறு கிடையாது என்றே சொல்லலாம். ஆனா பழுப்பு நிலக்கரி உண்டு. நம்ம நெய்வேலியில் எடுக்கிற அதே லிக்னைட் வகை. அதிலிருந்து பெட்ரோல் எடுக்க முடியும் என்று ஒரு வேதியியலாளர் முயன்று வந்தார். ஹூட்ரி அவரோடு சேர்ந்தார், சொந்தப் பணத்தைக் கொட்டினார். பல வருஷ உழைப்புக்குப் பிறகு 1929-ல் ஒரு நாளைக்கு 60 டன் லிக்னைட்டை எடுத்துக்கொள்ளும் ஆலை தயாரானது. பெட்ரோல் வந்தது. ஆனா கணக்குப் போட்டால் கட்டுப்படியாகவில்லை. அரசாங்கமும் மானியம் தர மறுத்தது. ஆலை மூடப்பட்டது.

வேறு ஆளாக இருந்தால் அப்பாவின் இரும்புக் கம்பெனிக்கே திரும்பியிருப்பார். இவர் கச்சா எண்ணெயின் கனமான பகுதியைக் கையில் எடுத்தார்.

கரியை எரித்தால் என்ன?

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் கொஞ்சம்தான் பெட்ரோல் கிடைக்கும். மீதி கனமான எண்ணெய். அதன் நீளமான மூலக்கூறுகளை உடைத்தால் இன்னும் பெட்ரோல் எடுக்கலாம். அந்தக் காலத்தில் வெறும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உடைத்தார்கள். வினையூக்கி சேர்த்தால் நல்ல தரமான பெட்ரோல் வரும் என்று ஏற்கெனவே சிலருக்குத் தெரியும். ஆனா கொஞ்ச நேரத்திலேயே வினையூக்கியின் மேல் கரி படிந்து அது வேலை செய்யாமல் நின்றுவிடும். எல்லோரும் அங்கேயே கைவிட்டார்கள்.

ஹூட்ரி நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்துப் பார்த்தார். கடைசியில் அவருக்குக் கை கொடுத்தது சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த ஒரு வகைக் களிமண். கரி படிகிற பிரச்சினைக்கு அவர் கண்ட வழி ரொம்பவே எளிமையானது. கரிதானே படிகிறது, சூடான காற்றை விட்டு அதை எரித்துவிடு. வினையூக்கி மறுபடி புதுசாகிவிடும். ஒரு கலனில் எண்ணெய் உடையும்போது இன்னொரு கலனில் கரி எரியும். சில நிமிஷத்துக்கு ஒரு முறை வால்வுகள் தானாக மாறி இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரின் மூளை வேதியியலுக்குள் நுழைந்தால் இப்படித்தான் யோசிக்கும்!

கிடைத்த பெட்ரோலைத் தன் புகாட்டியிலேயே ஊற்றி ஓட்டிப் பார்த்துத் தரம் கண்டார். நல்ல டெஸ்டிங் லேப்!

பிரான்ஸில் ஆதரவு கிடைக்காததால், 1930-ல் ஓர் அமெரிக்க எண்ணெய் கம்பெனியின் அழைப்பில் அங்கே போனார். அது உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்த காலம். பணம் போதவில்லை. 1933-ல் சன் ஆயில் என்ற கம்பெனி கூட்டு சேர்ந்தது. அதற்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. அப்போது நாக்கிங்கைத் தடுக்கப் பெரும்பாலோர் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்க்லி 1921-ல் கண்டுபிடித்த டெட்ரா எத்தில் லெட் அது. சன் ஆயில் ஈயம் கலக்காத பெட்ரோலை விற்று வந்தது. ஈயம் இல்லாமலே ஆக்டேனை ஏற்ற அவர்களுக்கு ஹூட்ரியின் முறை தேவைப்பட்டது. இந்த ஈயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வில்லனாக வரும்.

1936-ல் நியூ ஜெர்சியில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. 1937-ல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில் பெரிய ஆலை. பழைய முறையில் கனமான எண்ணெயிலிருந்து கால் பங்கு பெட்ரோல் வந்த இடத்தில், இதில் கிட்டத்தட்டப் பாதி வந்தது. அதுவும் உயர் ஆக்டேன். கரியை எரிக்கும்போது வருகிற சூடான புகையையும் வீணாக்கவில்லை. அதை வைத்தே டர்பைனைச் சுற்றி, ஆலைக்கு வேண்டிய காற்றை அழுத்தினார்கள். புகை என்பது வெறும் கழிவு இல்லை என்ற எண்ணம் அவரிடம் அப்போதே இருந்தது.

நாடு இழந்தவர்

இரண்டாம் உலகப்போர் வந்தது. போர் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். போரின் முதல் ஆண்டுகளில் வினையூக்கி முறையில் கிடைத்த விமானப் பெட்ரோலில் மிகப் பெரும் பங்கு ஹூட்ரி ஆலைகளிலிருந்தே வந்தது.

அதே நேரத்தில் அவருடைய பிரான்ஸ் 1940-ல் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஹிட்லரோடு ஒத்துப்போன விஷி அரசு பதவிக்கு வந்தது. ஹூட்ரி அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் இருந்தபடியே சுதந்திர பிரான்ஸுக்கு ஆதரவு திரட்டிய அமைப்புக்குத் தலைமை தாங்கினார். விஷி அரசு 1941-ல் அவருடைய குடியுரிமையைப் பறித்தது. எந்த நாட்டுக்காக குண்டு மழையில் நின்று டாங்கியைப் பழுது பார்த்தாரோ, அந்த நாட்டின் பெயரிலேயே அவரை வெளியே தள்ளினார்கள். 1942 ஜனவரியில் அமெரிக்கக் குடிமகன் ஆனார். செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூட்டாடையீன் தயாரிப்பிலும் அந்தக் காலத்தில் பங்களித்தார்.

அதே 1942-ல் வேறு கம்பெனிகள் வினையூக்கியைப் பொடியாக்கித் திரவம் மாதிரி ஓட விடும் புது முறையைக் கொண்டுவந்தன. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில் இன்றும் இருப்பது அந்த வகைதான். ஹூட்ரியின் பழைய ஆலைகள் மெல்ல ஓரம் கட்டப்பட்டன. ஆனா கரியை எரித்து வினையூக்கியைப் புதுப்பிக்கிற அடிப்படை மட்டும் மாறவே இல்லை.

வால் பைப் பக்கம் திரும்பினார்

அறுபதை நெருங்கும் வயது. பேரும் புகழும் வந்தாச்சு. உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனா 1950 வாக்கில் ஹூட்ரி ஆக்ஸி-கேட்டலிஸ்ட் என்று ஒரு புதுக் கம்பெனி தொடங்கினார். இதுவரை அவர் யோசித்தது இன்ஜினுக்குள் என்ன போகிறது என்பதை. இனி யோசித்தது இன்ஜினிலிருந்து என்ன வெளியே வருகிறது என்பதை.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அப்போது கண்ணை எரிக்கும் மூட்டம் அடிக்கடி சூழ்ந்தது. முதலில் தொழிற்சாலைகளைக் குற்றம் சொன்னார்கள். ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, கார் புகையும் பெட்ரோல் ஆவியும் வெயில் பட்டு வினை புரிவதால்தான் இந்த மூட்டம் என்று காட்டினார். நுரையீரல் புற்றுநோய் கூடுவதற்கும் காற்று மாசுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கவலை ஹூட்ரியை விடவில்லை.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. இவ்வளவு பெட்ரோலை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பெட்ரோலின் புகைக்கும் அவரே வழி தேடினார்.

வழி அவருக்குப் பழகியதுதான். புகையில் பாதி எரிந்த ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. அவற்றை எரித்து முடித்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகிவிடும். சைலன்சருக்குள் நெருப்பு வைக்க முடியாது. ஆனா வினையூக்கி இருந்தால் சுடரே இல்லாமல் எரியும். பீங்கான் தண்டுகளின் மேல் அலுமினாப் பூச்சு, அதில் மிக மெல்லிய பிளாட்டினம். சூடான புகை அதைத் தொட்டுக்கொண்டு போனாலே போதும்.

கிடங்குகளுக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலும், ஆலைகளின் புகைபோக்கிகளிலும் இது நன்றாகவே வேலை செய்தது. கார்களுக்கான அவருடைய வடிவமைப்புக்கு 1956-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

வில்லன் ஈயம்

அப்புறம் ஏன் காரில் வரவில்லை? இங்கேதான் மிட்க்லியின் ஈயம் வருகிறது. ரோட்டில் ஓடிய கார்களின் பெட்ரோலில் பெரும்பாலும் ஈயம். எரிந்த பிறகு அந்த ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்துவிடும். கரி படிந்தால் எரித்துவிடலாம், ஹூட்ரியின் மொத்த வாழ்க்கையே அந்த ஒரு வித்தைதான். ஆனா ஈயத்தை எரித்து விரட்ட முடியாது. கொஞ்ச தூரம் ஓடியதும் கன்வெர்ட்டர் வெறும் டப்பா ஆகிவிடும். ஃபோர்க்லிஃப்டில் வேலை செய்ததற்குக் காரணமே அவற்றில் ஈயம் இல்லாத மட்டமான பெட்ரோல் ஊற்றியதுதான்.

அவரிடம் டப்பா தயார். பெட்ரோலை மாற்ற அவரால் முடியவில்லை. அது ஒரு கண்டுபிடிப்பாளர் கையில் இருக்கிற விஷயம் இல்லை. சட்டம் வர வேண்டும், எண்ணெய் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் இறங்கி வர வேண்டும். 1962 ஜூலை 18-ல், 70 வயதில், பென்சில்வேனியாவில் ஹூட்ரி காலமானார். அவர் பெயரில் ஏறக்குறைய நூறு காப்புரிமைகள் இருந்தன. தெருவில் ஓடிய எந்தச் சாதாரண காரிலும் அவருடைய கன்வெர்ட்டர் இல்லை.

1970-ல் அமெரிக்காவில் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையானது. கன்வெர்ட்டரைக் காப்பாற்றவே ஈயமில்லாப் பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாகப் பொருத்தப்பட்டது. ஹூட்ரி போய் 13 வருஷம் ஆகியிருந்தது. பிறகு நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்துச் சுத்தம் செய்யும் மூன்று வழிக் கன்வெர்ட்டர் வந்தது. அதை உருவாக்கியவர்கள் அவருக்கு அடுத்த தலைமுறை இன்ஜினியர்கள்.

நம்ம நாட்டுக்கு எப்போது வந்தது? 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல். அதாவது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பங்க்குகளில் ஈயம் நின்றே கால் நூற்றாண்டுதான் ஆகிறது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-ல் ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது. டப்பாவைக் காப்பாற்ற எடுத்த ஈயம், குழந்தைகளின் மூளையையும் சேர்த்துக் காப்பாற்றியது. ஹூட்ரி தொடங்கியதற்கு இப்படி ஒரு பலன்.

நமக்கு என்ன?

பழைய ஜீப்பில் கன்வெர்ட்டர் கிடையாது, அதற்குச் சட்டமும் கேட்காது. ஆனா அதில் சைலன்சர் மாற்றும்போது கேஸ்கெட்டை ஒழுங்காகப் போடுவது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. மேனிஃபோல்டு பக்கம் ஒரு கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளேயே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மழைக்குப் படுதாவை இழுத்து மூடிக்கொண்டு மலைப் பாதையில் போகும்போது தலை வலித்தால், பசி என்று நினைக்காமல் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் இன்ஜினை ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதும் அதற்குத்தான்.

புது வண்டி வைத்திருக்கிற நண்பர்களுக்கு இன்னொரு விஷயம். சத்தம் கெத்தாக வரணும் என்று கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் பைப் போடுகிறவர்கள் நம்ம கேம்பஸிலேயே இருக்காங்க. சட்டப்படியும் அது தப்பு. அந்த டப்பாவைச் சாதாரண காரில் ஓட வைக்க முடியாமலே ஒரு மனிதர் கண்ணை மூடினார். அடுத்த தடவை வண்டிக்கு அடியில் படுக்கும்போது, குழாயின் நடுவே இருக்கிற அந்த வீக்கத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். அதை அங்கே கொண்டுவர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்.